பெரிய வாரம் முடியட்டும்

முதல் கால் பேசினில் இறங்கியது. சளக். இன்னாசி திரும்பிப் பார்க்கவில்லை. பெஞ்சின் கடைசி ஆளுக்குப் பார்க்க என்ன இருக்கிறது? வரிசையாக முழங்கால்கள், அதற்கு அப்பால் குனிந்திருக்கிற சாமியாரின் வெள்ளை அங்கி, அதற்கும் அப்பால் பீடம். பெரிய வியாழன் பூசை. சேசுநாதர் தன் சீடர்கள் பன்னிரண்டு பேருக்கும் கால் கழுவிவிட்ட நாள். அதனால் வருஷா வருஷம் ஊரில் பன்னிரண்டு ஆண்களைப் பெஞ்சில் உட்கார வைத்துச் சாமியார் மண்டி போட்டுக் கழுவுவார். கோயில் கட்டின காலம் முதல் அந்தப் பன்னிரண்டும் பெரிய தெருக் கால்கள். தெற்குத் தெருவும் மாதா பிள்ளைகள்தான், ஞானஸ்நானம் வாங்கினதுதான், இருந்தாலும் அந்தப் பெஞ்சில் இடம் கிடையாது. இன்றைக்கு உண்டு. புதுச் சாமியார் பிடிவாதமாக நின்று வாங்கிக் கொடுத்த இடம். சுவரோரம், பன்னிரண்டாவது. பாட்டுக்காரப் பெண்பிள்ளைகள் பக்கம் யாரோ கிசுகிசுத்தது காதில் விழுந்தது: "பன்னெண்டாவது ஆளு யூதாசுல்ல?" கிளுக்கென்று சிரிப்பு. சிரிக்கட்டும். காலங்காலமாகக் கழுவுகிற பித்தளைக் கொப்பரை பெரிய தெருக் குடும்பம் ஒன்றின் உபயம். இந்த வருஷம் அதை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். சாமியார் அசரவில்லை. தன் குளியலறையிலிருந்து சிவப்பு பிளாஸ்டிக் பேசினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நல்ல மனுஷன். எல்லாம் நன்றாகத்தான் நடக்கிறது. பிறகு ஏன் எழுந்து போய்விடலாம் போலிருக்கிறது? எழுந்தால் போச்சு. பாத்தியா, உக்கார வச்சாலும் உக்காரத் தெரியலை பாரு, என்று ஒரு பேச்சு கிளம்பும், அது பேரன் காலம் வரைக்கும் ஓடும். பின்னால் தெற்குத் தெரு மொத்தமும் நின்று அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. திருப்பூரிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். எழ முடியாது. உட்காரவும் முடியவில்லை. கழுவ வேண்டிய கால் இது இல்லை. கழுவ வேண்டிய கால் எங்கே? கேள்வி வந்ததும் இன்னாசி அவசரமாகச் செபமாலையைத் தேடினார். சட்டைப் பையில் இல்லை. வேட்டி மடிப்பில் இருந்தது.

மத்தியானம் கொல்லையில் உட்கார்ந்து காலைத் தேய்த்தார். கழுவப்போகிற காலை எல்லோரும் முன்கூட்டியே கழுவிக்கொண்டுதான் வருவார்கள், அது ஊர் வழக்கம். கோயிலில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை வேறு வாசலில் வந்து நின்று, "பெருசு, கால நல்லாத் தேச்சுட்டு வாரும். சாமி முத்தம் குடுக்கணும். சேறும் சகதியுமா வந்துராதீரு" என்றான். "சுத்தமான காலைக் கழுவ எதுக்குடா சாமி? நீயே கழுவிட்டுப் போ" என்றார். தேய்க்கத் தேய்க்க அழுக்கு வரவில்லை. செங்கல் துண்டு. பெண்சாதி அருளாயி சூளையிலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்தது. குதிகால் தேய்க்க அதுபோல வராது என்பாள். ஒருபக்கம் தேய்ந்து குழிந்திருந்தது, அவள் குதிகால் அளவுக்கு. அந்தக் குழியில் இவர் குதிகால் உட்காரவில்லை. மறுபக்கத்தைத் திருப்பித் தேய்த்தார். "உங்க காலைக் கழுவுற அன்னைக்கு நான்தான் தேச்சு அனுப்புவேன். இல்லைன்னா சாமியாருக்கு வாந்தி வந்துரும்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எத்தனை வருஷம் அந்தச் சிரிப்பு. அந்த நாள் வராது என்று தெரிந்து சிரித்தாளா, வரும் என்று நம்பிச் சிரித்தாளா? கேட்டதில்லை. கேட்கிற ஆளா இவர். மகள் பிலோமினா துண்டை நீட்டினாள். முந்தின நாள் ராத்திரி பஸ்ஸில் ஏறி வந்தவள். வந்ததும் சொல்லிவிட்டாள்: "அம்மா இதைப் பாக்கணும்னு ஆசைப்பட்டுச்சு. அதுக்காக வந்தேன். உங்களுக்காக வரலைப்பா." சரி என்றார். வேறென்ன சொல்வது. இப்போது பெண்கள் பக்கம் தூண் ஓரம் நிற்கிறாள், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. படம் பிடிக்கிறாளாம். யாருக்குக் காட்ட? இரண்டாவது கால் இறங்கியது. பாட்டு இழுத்துக்கொண்டே போகிறது. இந்தப் பாட்டைக் கொஞ்சம் வேகமாகப் பாடினால் என்ன குறைந்துவிடும்.

அருளாயி திருப்பூருக்குப் போய்விடலாம் என்றாள். ஒரு தடவை அல்ல. அவள் தம்பி பனியன் கம்பெனியில் இருந்தான், வீடு பார்த்து வைத்திருந்தான், பிலோமினா அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். ஊரில் பிழைப்பு இல்லை. பெஞ்சில் எங்களுக்கும் ஒரு இடம் வேண்டும் என்று தெற்குத் தெரு கேட்டதற்குப் பெரிய தெரு கொடுத்த பதில் அது. வயலில் வேலை கிடையாது, கடையில் சாமான் கிடையாது, குழாயில் தண்ணீர் கிடையாது, கோயில் கதவும் கிடையாது. வேண்டுமானால் தனியாகக் கட்டிக்கொள்ளுங்கள், உங்களுக்கென்று ஒரு மாதாவை வைத்துக்கொள்ளுங்கள். தெற்குத் தெரு கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது. பாதிப் பேர் திருப்பூர். மீதியில் பாதிப் பேர் டவுன் சபைக்குப் போய் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார்கள், அங்கே நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்களாம். இன்னாசி போகவில்லை. தினமும் சாயங்காலம் குளித்து, வேட்டி மாற்றி, பூட்டிய கோயிலைச் சுற்றிக்கொண்டு தெற்கு ஜன்னலுக்குப் போவார். கீழே சாக்கடை. சாக்கடைக் கட்டையில் ஒரு கால், சுவர் விளிம்பில் ஒரு கால். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டால் உள்ளே மாதா தெரிவாள். முழு மாதா இல்லை, தூண் மறைக்கும். நீல முக்காட்டில் ஒரு ஓரம், விரித்த ஒரு கை. அந்தக் கையைப் பார்த்து முழுச் செபமாலை சொல்வார். பெரிய தெரு இருதயம் ஐயா ஒருநாள் குடையால் முதுகில் போட்டார். குடைக் கம்பிதான் வளைந்தது. இன்னாசி விட்ட இடத்திலிருந்து அடுத்த மணியைத் தொட்டார். இன்னொரு நாள் சாணித் தண்ணீர். இன்னொரு நாள் புருவத்தில் கல். ரத்தம் கண்ணில் இறங்கினபோது மாதாவின் கை சிவப்பாகத் தெரிந்தது. அதையும் பார்த்துக்கொண்டே சொன்னார். அப்போது பயம் இல்லை. பொய் சொல்லக் கூடாது, சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒருத்தி தனக்காகக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறாள், தான் அவளுக்காகச் சாக்கடை மேல் நிற்கிறோம். வேறு யாரும் அதில் இல்லை. வேறு யாரும் இல்லை என்பதுதான் இப்போது உறுத்துகிறது. ஏனென்றால் அந்த நேரத்தில் அருளாயி சூளையிலிருந்து நடந்துகொண்டிருந்தாள்.

"திருப்பூர்லயும் மாதா இருக்காங்க" என்றாள். "அது அந்த ஊர் மாதா" என்றார். "மாதாவுல ஊருக்கு ஒண்ணா இருக்கு?" "இவளை இவனுக கையில விட்டுட்டுப் போகச் சொல்றியா?" அவள் அடுப்பைப் பார்த்தபடி, "நம்ம விட்டுட்டுப் போனா அவுகளை யாராச்சும் தூக்கிட்டுப் போயிருவாகளாக்கும்" என்றாள். இன்னாசிக்குக் கோபம் வந்தது. எழுந்து வெளியே போய்விட்டார். பேச்சு நீண்டால் எழுந்து போவது அவர் பழக்கம். இவர் எழுந்து போனபிறகு அவள் என்ன செய்வாள்? அடுப்பை அணைப்பாள். பாத்திரம் கழுவுவாள். விடிகாலையில் செங்கல் சூளைக்குக் கிளம்புவாள். உள்ளூரில் யாரும் வேலை தராததால் ஓடைக்கு அந்தப் பக்கம், கருவக்காடு தாண்டி, வேற்றூர்ச் சூளை. வெறுங்காலோடு போவாள், வெறுங்காலோடு வருவாள், சூட்டுச் சாம்பலில் நிற்பாள். அந்தக் கூலியில்தான் இவருக்குக் குளித்து மாற்ற வேட்டி, இவருக்குச் சாயங்காலக் கஞ்சி. கால் வெடிப்பில் செம்மண்ணும் சாம்பலும் ஏறி, எவ்வளவு தேய்த்தாலும் போகாத ஒரு நிறம். அந்தக் காலை யாரும் எந்தப் பெஞ்சிலும் உட்கார வைக்கவில்லை. ஊர் பேசுவது வேறு மாதிரி. இன்னாசி மாதிரி விசுவாசம் வேண்டும் என்று போன வருஷம் ஆயரே பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இன்னாசி குனிந்து தன் காலைப் பார்த்தார். நல்ல கால். வெடிப்புக்கூட அதிகம் இல்லை. ஜன்னலில் நின்ற கால்.

சளக். எத்தனையாவது? எண்ணவில்லை. சாமியார் இன்னும் தூரத்தில்தான் இருக்கிறார். ஒவ்வொரு காலையும் துடைத்து, குனிந்து முத்தி செய்து, எழுந்து, நகர்ந்து, மறுபடி மண்டி போட்டு. வயசுப் பையன், முட்டி தாங்கும். இன்னாசியின் முட்டி தாங்காது. முட்டியைத்தான் அவர் கொடுத்திருந்தார், கடவுளுக்கு, நேர்ச்சையாக. அதிகாரிகள் வந்து பேசிக் கோயில் கதவு திறந்தது. இடது கைப்பக்கம் நின்றுகொள்ளலாம் என்று ஆனது. பெஞ்சு மட்டும் ஆகவில்லை. இந்தப் பெஞ்சில் தெற்குத் தெருக் கால் ஒன்று நனைகிற வரைக்கும் பெரிய வாரத்தில் வியாழன் முதல் சனி வரை கோயில் வாசல்படியில் பட்டினி கிடந்து முழங்காலில் நிற்பேன், ஊர் எல்லையைத் தாண்டமாட்டேன் என்று நேர்ந்துகொண்டார். வெயில் ஏறும், முட்டி தோலுரியும், பெரிய தெருப் பெண்கள்கூடத் தாண்டிப் போகும்போது சேலையை ஒதுக்கிக்கொண்டு போவார்கள், அருவருப்பா மரியாதையா தெரியாது. ஒரு வருஷமும் தப்பியதில்லை. காய்ச்சலோடு நின்றிருக்கிறார். தங்கச்சி செத்த சேதி வந்தபோதும் நின்றிருக்கிறார். அப்படி ஒரு பெரிய வாரத்தில், குருத்தோலை ஞாயிறு கழித்து, புதன்கிழமையா, ஆம் புதன்கிழமைதான், அருளாயி வாசலில் உட்கார்ந்து வலது காலைத் தூக்கிக் காட்டினாள். "இங்க பாருங்களேன்." பெருவிரல் ஓரம் சின்னதாக ஒரு புண். சுண்டைக்காய் அளவுகூட இல்லை. "வலிக்குதா?" "வலியே இல்லை. அதான் பயமா இருக்கு. சுகர்காரவுகளுக்கு இப்படித்தான் வருமாம், சூளையில சொன்னாக. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவமா?" இவர் அப்போது நாளைய நோன்புக்கு மனசைக் கட்டிக்கொண்டிருந்தார். புண்ணைப் பார்த்தாரா? பார்த்தார். பார்த்த மாதிரி பார்த்தார். "பெரிய வாரம் முடியட்டும்" என்றார். அவள் காலை இறக்கிக்கொண்டாள். அதுதான். அந்தக் காலை அவள் இறக்கிக்கொண்ட விதம். சேலையை இழுத்து மூடினாள், ஏதோ காட்டக் கூடாததைக் காட்டிவிட்ட மாதிரி.

முடிந்தது பெரிய வாரம். பாஸ்கா ராத்திரி மணி அடித்தார்கள், மெழுகுதிரி ஏற்றினார்கள், ஆண்டவர் உயிர்த்தார். திங்கட்கிழமை விரல் கறுத்திருந்தது. பஸ்ஸில் அவளே ஏறினாள், அவளே இறங்கினாள். பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒருத்தி, சின்ன வயசு, இவரைப் பார்த்துக் கத்தினாள்: "நாலு நாள் முன்னாடி வந்திருந்தா விரலோட போயிருக்குமே பெரியவரே! என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்ன பண்ணிக்கொண்டிருந்தார்? செபம் பண்ணிக்கொண்டிருந்தார். முதலில் விரல். அப்புறம் பாதம். அப்புறம் முழங்காலுக்குக் கீழே. நர்ஸ் வந்து, "காலை எடுத்துட்டுப் போறீங்களா, இல்லை நாங்களே பாத்துக்கிடவா?" என்று கேட்டாள். கடைக்காரி மிச்சச் சில்லறை கேட்கிற மாதிரி. "நீங்களே பாத்துக்கிடுங்க" என்றார், பட்டென்று. கல்லறைத் தோட்டத்தில் புதைக்கலாம் என்று தோன்றவே இல்லை. அருளாயிக்குத் தோன்றியிருக்கிறது. கண் விழித்ததும் அதைத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு, இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, சிரித்தாள் பாவி. "கடைசி நாள்ல எக்காளம் ஊதினா எல்லாரும் எந்திரிச்சு ஓடுவாக. நான் மட்டும் நொண்டிக்கிட்டு வரணுமாக்கும். நில்லுங்கன்னு சொன்னா நீங்க நிப்பீகளா? நீங்க மாதாவைத் தேடிக்கிட்டு முன்னாடி போயிருவீக." சரீர உத்தானத்தை, செத்த உடம்பு எழும் என்பதை, விசுவசிக்கிறவர்தான் இன்னாசி. எழுத்துப் பிசகாமல் விசுவசிக்கிறவர். பின்னாளில் அவள் செத்து, பொட்டியை மூடப்போனபோது கால்மாட்டில் ஒரு பக்கம் சேலை தட்டையாகக் கிடந்தது. அந்த வெற்றிடத்துக்குள் சின்ன மாதா படம் ஒன்றைச் செருகி வைத்தார். பிலோமினா அதை எடுத்து இவர் கையில் திருப்பிக் கொடுத்தாள். "ஏன் என்கிட்டச் சொல்லலைன்னு அம்மாகிட்டக் கேட்டேன். பெரிய வாரம் முடியட்டும்னு அப்பா சொன்னாருன்னுச்சு. இதை நீங்களே வச்சுக்கங்க." அழவில்லை அவள். அழுதிருந்தால் தேவலை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. இதையெல்லாம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாகிவிட்டது. பழைய சாமியார் கேட்டுவிட்டு, "நீங்க தெரிஞ்சு செய்யலையே ஐயா, இது பாவம் இல்லை, மனசைப் போட்டு அலட்டாதீங்க" என்றார். பாவம் இல்லையாம். பாவமாக இருந்திருந்தால் மன்னிப்பாவது கிடைத்திருக்கும். இப்போது எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? பொறுக்க முடியாதது இது அல்ல. அது வேறு. அது சின்னது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபிறகு, கட்டிலில் கிடந்தபடி, "ஏங்க, அரிக்குதுங்க" என்றாள். "எங்கே?" "கால்ல." "எந்தக் கால்ல?" "அந்தக் கால்லதாங்க. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல. தாங்க முடியலை. கொஞ்சம் சொறிஞ்சு விடுங்களேன்." இன்னாசி போர்வையைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. செபமாலைக்கு நேரமாகிவிட்டிருந்தது. "இல்லாத காலை எப்படிடி சொறியறது? சும்மா கெட" என்றார். சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனார். திரும்பி வந்தபோது அவள் ஒரு கையை நீட்டி, எட்டாத தூரத்துக்கு, போர்வையின் வெறும் இடத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் இரண்டு மழைக்காலம் இருந்தாள். அரிக்குது என்று ஒருநாளும் சொல்லவில்லை. நின்றுவிட்டதா, சொல்வதைத்தான் நிறுத்திவிட்டாளா? அந்த இடத்தில் கையை வைத்துப் போர்வையைச் சும்மா நாலு தடவை கீறியிருக்கலாம். என்ன போயிருக்கும்? ஒரு நிமிஷம். சேசுவே, ஒரு நிமிஷம். ஒரு ஆயுள் முழுக்க உமக்குக் கொடுத்தவனிடம் அவளுக்குக் கொடுக்க ஒரு நிமிஷம் இல்லை.

"காலு ஆடுது பாரு." பக்கத்தில் இருந்து குரல். பதினோராவது ஆள், ராயப்பன். குடையால் அடித்த இருதயம் ஐயாவின் மகன். உட்கார்ந்ததிலிருந்து இந்தப் பக்கம் திரும்பவில்லை, நடுவில் ஒரு ஆள் உட்காருகிற அளவு இடம் விட்டு உட்கார்ந்திருந்தான். இப்போது முகத்தைத் திருப்பாமலே பேசுகிறான். "யாரு காலு?" என்றார் இன்னாசி. "ஒங்க காலுதான்." ஒங்க என்றான். இன்னாசி குனிந்து பார்த்தார். ஆமாம், ஆடிக்கொண்டிருந்தது. கையால் முட்டியை அழுத்தினார். அப்படிக் குனிந்தபோதுதான் ராயப்பனின் கால் கண்ணில் பட்டது. வலது கால். பெருவிரலில் பிளாஸ்திரி. ஓரத்தில் ஈரம் கசிந்து பழுப்பேறி இருந்தது. பிளாஸ்திரியைச் சுற்றித் தோல் மினுமினுவென்று, ஊதி. இன்னாசிக்கு அந்த மினுமினுப்பு தெரியும். அன்றைக்கு வாசலில் பார்த்த மாதிரி பார்த்தது இப்போது முழுசாக வந்து நின்றது. ஒரு புண்ணை இத்தனை வருஷம் கழித்து இன்னொருத்தன் காலில் வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. "அது என்னது?" "எது?" "வெரல்ல." "செருப்புக் கடிச்சது. அது கெடக்கு." "வலிக்குதா?" "வலியெல்லாம் ஒண்ணும் இல்லை." பாட்டு மேலே ஏறியது. சாமியார் மூன்று ஆளுக்கு அந்தப் பக்கம் மண்டி போட்டிருந்தார். "சுகர் இருக்கா?" "இருக்கு. எங்கப்பாவுக்கும் இருந்துச்சுல்ல. மாத்திரை போட்டேன், நடுவுல விட்டுட்டேன்." "ஆஸ்பத்திரிக்குப் போனியா, தம்பி?" தம்பி என்று சொன்னபிறகுதான் கவனித்தார். இவனை வாழ்நாளில் அப்படிக் கூப்பிட்டதில்லை. சின்னையா என்றுதான் கூப்பிட்டாக வேண்டும், இவன் தவழ்ந்த காலத்திலிருந்து. ராயப்பனும் கவனித்தான். கழுத்து லேசாக விறைத்தது. பிறகு விட்டுவிட்டான். "போகணும். நாளைக்குச் சிலுவைப்பாதை, நாளான்னைக்குத் தேர் சோடிக்கணும், எல்லாம் என் தலையிலதான் கெடக்கு. பெரிய வாரம் முடியட்டும்."

இன்னாசிக்குக் காது அடைத்தது. யாரோ பின்னாலிருந்து அவர் குரலிலேயே பேசின மாதிரி இருந்தது. அடுப்பு, வாசல், இறக்கிக்கொண்ட கால், சேலை. "நாளைக்கே போ" என்றார். "நாளைக்குப் பெரிய வெள்ளி." "அதனால என்ன?" "என்ன அதனால என்னவா? நீங்களா பேசுறீக?" "வெள்ளியாவது மண்ணாவது. காலையில மொத பஸ்ஸுக்குப் போ. தேரு இவனுக சோடிப்பானுக. வலி இல்லைங்கிறதுதான்டா வியாதியே. போ." சத்தம் கூடிவிட்டது. வரிசையில் நாலைந்து தலை திரும்பியது. கோயில்பிள்ளை தண்ணீர்ச் செம்போடு நின்றபடி முறைத்தான். பின்னால் தெற்குத் தெருப் பக்கம் ஒரு சலசலப்பு: என்னவாம், அங்கேயும் சண்டையா? பெரிய வெள்ளியை மண் என்று சொன்னது இன்னாசி என்று தெரிந்தால் இவர்களுக்கு மயக்கம் வரும். இன்னாசி நிமிர்ந்து மாதாவைப் பார்த்தார். இங்கே உட்கார்ந்தால் தூண் மறைப்பதில்லை. முழு மாதா, இரண்டு கையும், காலடியில் பாம்பும் எல்லாம் தெரிகிறது. கதவு திறந்த வருஷம் முதல் முதலாக முழுசாகப் பார்த்தபோது யாரோ வேற்று மனுஷி மாதிரி இருந்தாள். இன்றைக்கும் அப்படித்தான். தாயே, தப்பாகச் சொல்லிவிட்டேனா? உன்னை விட்டு நான் எங்கேயும் போகவில்லை. போகவும் மாட்டேன். போக எனக்குத் தெரியாது, அதுதான் என் வியாதி. ஆனால் இவனை அனுப்பிவிடு. இவன் வீட்டிலும் ஒருத்தி இருப்பாள். விரித்த கை விரித்தபடி இருந்தது.

சாமியார் ராயப்பன் முன்னால் மண்டி போட்டார். வழக்கப்படி வலது காலை நீட்டினான் ராயப்பன். செம்பு சரிந்தது. "அதுல தண்ணி படக் கூடாது சாமி" என்றார் இன்னாசி. செம்பு நின்றது. தெற்குத் தெருக்காரன் பெரிய தெருக் காலைப் பற்றிச் சாமியாருக்கு உத்தரவு போடுகிறான். "சீழ் வைக்குது. அடுத்த காலைக் கழுவுங்க." சாமியார் ராயப்பன் முகத்தைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். ராயப்பன் வலது காலை இழுத்துக்கொண்டு இடது காலை நீட்டினான். சளக். துடைத்தார். முத்தி செய்தார். எழும்போது ராயப்பன் காதருகில், "நாளைக்குக் காலையில என் வண்டியிலயே கூட்டிட்டுப் போறேன்" என்று முணுமுணுத்தது இன்னாசிக்கும் கேட்டது. கேட்டதும் வந்தது சந்தோஷம் இல்லை. இவ்வளவுதானா, ஒரு வண்டியும் ஒரு வாக்கும்தானா, இவ்வளவு லேசாக நடக்கக்கூடியதா அது என்கிற கசப்பு. நாலு தெரு தள்ளி அப்போதும் ஒரு சாமியார் இருந்தார். அவரிடமும் ஒரு வண்டி இருந்தது. கேட்டிருக்கலாம். வாசல்படியில் முட்டி போட்டிருந்த ஆள், தலையைத் தூக்கி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பேசின் நகர்ந்து இன்னாசியின் காலடிக்கு வந்தது. சிவப்பு பேசின், அடியில் பதினோரு காலின் தண்ணீர். எழுந்தால் இப்போது எழ வேண்டும். பின்னால் சத்தமே இல்லை. தெற்குத் தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது முதுகில் தெரிந்தது, வெயில் படுவது போல. செத்துப் போனவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்கிறார்கள். பிலோமினா தூணை விட்டு ஓரடி முன்னால் வந்திருந்தாள். போன் கீழே இறங்கியிருந்தது. சாமியார் இரண்டு கையையும் ஏந்தினார். வழக்கப்படி வலது கால். அவளுக்கும் வலது கால்தான். இன்னாசி காலைத் தூக்கினார். கனத்தது. தன் கால் மாதிரி இல்லை, யாரோ தூங்கிவிட்டவளுடைய காலைத் தூக்கி வைக்கிற மாதிரி மெதுவாக வைத்தார். தண்ணீர் விழுந்தது. சில்லென்று புறங்காலில் ஓடி இரண்டு பக்கமும் வழிந்தது. சாமியார் துண்டுக்குக் கை நீட்டினார்.

"சாமி" என்றார் இன்னாசி. மறுபடி, "சாமி. கொஞ்சம்... பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல." சாமியார் நிமிர்ந்து பார்த்தார். இப்படி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. ஏன் என்று கேட்பார் என்று இன்னாசி பயந்தார். கேட்கவில்லை. செம்பைத் தானே வாங்கி விரல் இடுக்கில் நிதானமாக ஊற்றினார். ஆள்காட்டி விரலை உள்ளே விட்டுத் தேய்த்தார், நகத்தால் மெல்லச் சுரண்டினார், குழந்தைக்குச் செய்கிற மாதிரி. மறுபடி ஊற்றினார். பாட்டு முடிந்துவிட்டிருந்தது. தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பெண்கள் பக்கம் ஒரு விசும்பல், பிலோமினாவா, வேறு யாராவதா, திரும்பிப் பார்க்க இன்னாசியால் முடியவில்லை. சாமியார் தேய்த்துக்கொண்டே, மற்றவர்களுக்குக் கேட்காமல், "போதுமா?" என்றார்.

அருளாயி சொல்லட்டும் என்று இன்னாசி காத்திருந்தார்.